தொண்ணூற்றில் நின்ற கை

வீட்டில் அவனுக்குக் கோணமானி என்று பெயர். பிசியோதெரபி படிக்கப் போன நாளிலிருந்து, யார் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் எத்தனை டிகிரி என்று அளந்துகொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அளக்கத் தெரிந்தவன், சிகிச்சைப் பயிற்சித் தேர்வில் ஒரு முறை கோட்டை விட்டிருந்தான். இந்த முறையும் போனால் ஒரு வருடம் வீண். ஒரு நோயாளிக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, முன்னேற்றத்தைத் தேர்வாளர் முன் காட்ட வேண்டும். நல்லவேளையாக அக்காவுக்குத் தோள் இறுகிப்போயிருந்தது. வலது கை எண்பது டிகிரிக்கு மேல் எழும்பவில்லை. சுவரில் விரல்களால் ஏறுவது, கதவில் கட்டிய கயிற்றை இழுப்பது என்று தினமும் செய்ய வைத்தான்.

மூன்றாவது வாரம் எண்பது தொண்ணூறானது. அதோடு நின்றது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவோ நாற்காலியில் சாய்ந்தபடி, துணி காயப்போடும் அத்தானுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். சமையல், துணி, அவளுக்குப் பின்னல் போடுவது எல்லாம் இப்போது அத்தான் பொறுப்பு. பின்னல் கயிறு திரித்த மாதிரி வந்தது. அதையும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள்தான் அவனுக்குப் பாடம் உறைத்தது. தோள் நிஜமாக இறுகியிருந்தால், கையைத் தூக்கும்போதே தோள்பட்டை முந்திக்கொண்டு காதுப் பக்கம் ஏறும். முதல் வாரம் அப்படித்தான் ஏறியது. இப்போது தோள்பட்டை சாதுவாகக் கிடக்க, கை மட்டும் அழகாக எழுந்து தொண்ணூற்றில் பிரேக் போட்டது.

"எத்தனை நாளாக்கா ஏமாத்துற?" என்றான் மெதுவாக.

அக்கா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மூணு வாரம் இருக்கும். பன்னண்டு வருஷத்துல இப்பதான்டா உக்காந்து சாப்பிடுறேன்."

கோணமானிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்காகக் கொஞ்சம், தன் மதிப்பெண்ணுக்காக நிறைய. கடைசியில் பேரம் படிந்தது. தேர்வு அறையில் அவள் கையை முழுசாகத் தூக்குவாள். வீட்டில் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

மறுநாள் அந்தக் கை நூற்று எழுபதுவரை எழுந்தது. முகம் மலர்ந்த தேர்வாளர் தாளில் தேர்ச்சி என்று எழுதினார். வீட்டில் பயிற்சியைத் தொடரச் சொல்ல, வெளியே காத்திருந்த அத்தானையும் கூப்பிட்டார். கை இறங்குவதற்குள் அத்தான் உள்ளே வந்துவிட்டார்.

நிமிர்ந்து நின்ற கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தேர்வாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அத்தான் நாற்காலியில் சாய்ந்து, இடது தோளை மெல்லத் தடவினார்.

"மாப்ள, நீதான் பாஸாயிட்டியே. இது எத்தனை டிகிரின்னு பாரு. எனக்கும் ஒரு ஆறு வாரம் எழுதிக் குடு."

கோணமானி அளந்தான். தோள்பட்டை சாதுவாகத்தான் கிடந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், எழுபது என்று கூசாமல் எழுதினான்.