சேவியர் எழுதிய வாசகர் கடிதம்

பள்ளி நாட்களில் நண்பன் சேவியர் எழுதி, தபாலில் போடச் சொல்லித் தந்த வாசகர் கடிதத்தை என் பெயரில் நகலெடுத்து அனுப்பியவன் நான். விண்வெளிக் கதைகள் வரும் காமிக்ஸ் ஒன்றின் தீபாவளி மலரைப் பற்றிய கடிதம் அது. மறுமாதமே அச்சில் வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மழை ஈரமும் பழைய தாளும் மணக்கும் வாடகைப் புத்தகக் கடையில், பையன்கள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து அதை உரக்க வாசித்து, "ஸ்ரீரங்கத்து எழுத்தாளரே!" என்று என் முதுகில் தட்ட, சேவியரும் சிரித்தான். "நல்லா எழுதியிருக்கடா" என்றான். அதன் பிறகு அவன் அங்கே வரவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். இந்தத் தீபாவளிக்கு அந்த மலர் மறுபதிப்பாக வந்தது. பிரித்ததும் அதே மை வாசனை. அன்று அச்சில் வந்த கடிதத்தோடு உண்மையையும் எழுதி அனுப்பினேன். அடுத்த இதழில் அதைச் சேவியர் பெயரிலேயே வெளியிட்டார்கள். எடமலைப்பட்டி புதூரில் அவன் வீட்டைத் தேடிப்பிடித்து, இதழை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

"கதை முடிவு சொதப்பல்னு ஒரு வரி எழுதியிருந்தேனே, எங்கடா?"

வெறும் பாராட்டாக இருந்தால்தான் அச்சாகும் என்று அன்று நான்தான் அதை வெட்டியிருந்தேன்.

"அந்த ஒரு வரிக்காகத்தான்டா கடுதாசியே எழுதினேன்" என்று இதழை என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.