என் முகவரியை மாற்றியவர் யார்?

வாசகரே, தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாட்சியாக மட்டும் நில்லுங்கள். அன்று நான் பேசியதையும், பேசியபின் எனக்குத் தெரியவந்ததையும் மறைக்காமல் வைக்கிறேன்.

எங்கள் சொற்போர்க் கழகம் லிட்டில் இந்தியாவில், துணிக்கடை ஒன்றின் மாடியில் கூடும். தலைப்புகளும் அறிவிப்புகளும் மடற்குழுவில்தான் வரும். ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் எழுதினால் வாதம் குறுகிவிடும் என்பது கழகத்தின் பிடிவாதம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கெலுகோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நான், அங்கே தந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து நெடுங்கடிதங்களாக எழுதித் தள்ளினேன். மாநிலப் போட்டிக்கான தேர்வில் வென்று கழக அணியின் முதற்பேச்சாளனும் ஆனேன்.

அடுத்த வாரம் அது கண்ணில் பட்டது. என் கடிதங்களில் அனுப்புநர் முகவரி என்னுடையதாக இல்லை, கழகத்தினுடையதாக இருந்தது. என் பெயருக்குப் பின்னால் ‘கழகம் வழியாக’ என்றோர் ஒட்டு. மற்றவர்களின் முகவரிகளை யாரும் தொடவில்லை. வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. கைப்பேசியைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன். பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

கூட்டத்தில் வரவேற்புரை முடியுமுன், ஒழுங்குப் பிரச்சினை என்று எழுந்தேன்.

“என் சொல்லை வைத்துக்கொண்டு என் முகவரியை அழிப்பது எந்த மன்றத்தின் மரபு?”

சிலர் கைதட்டினார்கள். மடற்குழுவைக் கவனித்துக்கொள்ளும் அக்கா தட்டவில்லை. தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்பவர் அவர். மாற்றியது தாம்தான் என்று உட்கார்ந்தபடியே ஒப்புக்கொண்டு, காரணம் சொன்னார். தன் பெயரில் வரும் மின்னஞ்சல் தன் சர்வரிலிருந்து வராமலும், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் அதன் மின்முத்திரை உடைந்தும் இருந்தால் ஏற்கவேண்டாம் என்று என் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. எங்கள் குழுவோ ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கழகத்தின் பெயரைச் சேர்த்துத் தன் சர்வரிலிருந்து அனுப்பும். அந்த ஒரு வரியில் முத்திரை உடைந்துவிடும். விதியைக் கண்டிப்பாகப் பார்க்கும் அஞ்சல் பெட்டிகள் என் கடிதங்களைத் திருப்பி அனுப்பின. திரும்பிய கடிதங்களைக் குழுவின் மென்பொருள் பெறுநரின் குறையாக எடுத்துக்கொண்டு, அவருக்கு எதையும் அனுப்பாமல் நிறுத்திவிட்டது.

“நீங்க ஒரே வாரத்துல அத்தனை எழுதுனீங்க தம்பி. சுங்கை பாக்காப்லேருந்து வர்ற பொம்பளப் பிள்ளைக்கு மெயில் போறதே நின்னு போச்சி. தேர்வு அறிவிப்பும் போகல. தேர்வெல்லாம் முடிஞ்சப்புறம், எப்ப தேர்வு அக்கான்னு கேக்குது. அதுக்கப்புறந்தான், மெயில் திரும்பி வராம இருக்க, ஒங்க முகவரிய மாத்தி வச்சேன்.”

உட்கார்ந்தேன். உட்கார முடியாமல் எழுந்தேன். அக்காவிடம் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு படியிறங்கி, கடைகளின் முன்னே அங்கும் இங்கும் நடந்தபடி அந்தப் பெண்ணை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“அண்ணே, நீங்க பேசுனா வேற யாருக்கும் மைக் கெடைக்காதுன்னு சொல்லுவாங்க,” என்றாள். “எழுதுனாலும் அப்படித்தானா லா?”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேலைக்குப் போகும் பேருந்தில் மூன்று மாதமாக வாய்க்குள்ளேயே பேசிப் பழகியதாகவும், முதற்பேச்சாளர் இடத்தை நினைத்தே பழகியதாகவும் சொன்னாள். எனக்குக் கிடைத்த அதே இடம். கடிதங்களை நிறுத்தி வைத்தது மென்பொருள்தான், நானல்ல என்றொரு வாதம் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல வாதம்தான். சொல்லவில்லை, இணைப்பைத் துண்டிக்காமல் மாடியேறினேன். நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவளுக்கும் கேட்கும்படி கைப்பேசியை உயர்த்திப் பிடித்தேன்.

“அந்தத் தேர்வு செல்லாதுங்க. மொதப் பேச்சாளர் எடத்த இப்பவே திருப்பிக் குடுக்கறேன். மறுபடி தேர்வு வைங்க. இந்தத் தங்கச்சி மொதல்ல பேசட்டும், நான் கடைசியா பேசறேன். தோத்துட்டா, ஒரு வார்த்த எதிர்த்துப் பேசாம எறங்கிருவேன்.”