எஸ்தர் டாக்டருக்குச் சரவெடி வேண்டாம்

எஸ்தர் டாக்டர் இன்று காலை இறந்துவிட்டார். நாலு மணிக்கு அடக்கம். ஊர்வலத்தில் சரவெடி போடப்போகிறார்களாம்.

ஆமாம், சரவெடி. வெடிச்சத்தத்தில் பேச்சு நின்றுபோன பிள்ளைகளைப் பேச வைத்த டாக்டருக்கு...

சிவகாசியில் பெரிய சாவென்றால் வெடி உண்டு, தெரியும். ஆனால் இவர் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டில் யாரும் வெடி கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு நிற்கிறார்கள்.

காலையிலிருந்து என் டைம்லைன் முழுக்க "தெய்வம்", "லெஜண்ட்". இதில் பாதிப் பேர் வீட்டில் அவருக்கு என்ன பெயர் தெரியுமா? பைத்தியக்கார டாக்டர்.

ஊசி போட மாட்டார். டானிக் எழுத மாட்டார். பிள்ளை யாரோடு விளையாடுகிறது, எதைக் கண்டு பயப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் மனசுக்கென்று இந்தப் பக்கம் முதன்முதலில் ஒரு ரூம் போட்டு உட்கார்ந்த பெண் டாக்டர் அவர்தான். அந்த ரூமுக்குள் நுழைவதை ஊர் பார்த்துவிடக் கூடாது என்று பிள்ளையின் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தவர்கள் நீங்கள்.

நாங்களும்தான்.

என் தங்கை மாரிக்கு அப்போது நாலு வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மா அவளையும் பட்டாசு கம்பெனிக்குக் கூட்டிப் போவாள். கேட் பக்கத்து மரத்தடியில் விளையாடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் உள்ளே ஒரு ரூம் வெடித்தது. அம்மா தப்பித்தாள். மாரி எதைப் பார்த்தாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அன்றோடு பேச்சு நின்றது.

கயிறு கட்டினோம். மந்திரித்தோம். எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டர்.

முதல் நாள், யாரோ கதவைச் சாத்திய சத்தத்துக்கே மாரி மேஜைக்கு அடியில் ஓடிவிட்டாள். டாக்டரும் மேஜைக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு மானம் போயிற்று.

"டாக்டரம்மா, எந்திரிங்க... சேலையெல்லாம் அழுக்காவுது."

"சேலையத் தொவச்சுக்கிடலாம். நீங்க சித்த வாய மூடிக்கிட்டு இருங்க."

அன்று முழு வைத்தியமும் அங்கேதான் நடந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் வரச் சொன்னார். தீபாவளி சீசன் நேரம். சுந்தரம் மாமாதான் அம்மாவின் கம்பெனியில் மேனேஜர். லீவு தர மாட்டேன் என்றார். டாக்டர் நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"பிள்ள பேசலன்னா ஊமைப் பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க டாக்டரம்மா. எனக்கு ஆர்டர் தேங்கி நிக்குது."

"அந்தப் பிள்ள ஊமை இல்ல. ஒங்க கம்பெனி வெடிச்சதப் பாத்த பிள்ள. எம்புட்டு நேரமானாலும் நான் இங்கனதான் இருப்பேன். நீங்க வேலையப் பாருங்க."

சாயங்காலம் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பும்வரை டாக்டர் அசையவில்லை. அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு கிடைத்தது.

பல மாதம் போனது. டாக்டர் டம்ளரைத் தட்டுவார், பேப்பரைக் கிழிப்பார், மாரியையும் தட்டச் சொல்வார், கிழிக்கச் சொல்வார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் மாரி அவர் வாயைப் பொத்தி, "சும்மா இரு" என்றாள்.

"ஏட்டி! டாக்டரம்மாவ அப்படிச் சொல்லலாமா?" என்று அம்மா அழுதுகொண்டே அவள் தலையில் தட்டினாள். டாக்டர் வெளியே ஓடி, வரிசையில் இருந்தவர்களிடமெல்லாம் "என்னையச் சும்மா இருன்னுட்டா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பேச்சு வந்துவிட்டது. பயம் முழுசாகப் போகவில்லை. மாரி இப்போது காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறாள். பக்கத்தில் வெடித்தால் இன்னமும் நடுரோட்டிலேயே காதைப் பொத்தி உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்கு டாக்டர் பின்னால் கல்லறை வரைக்கும் நடக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறாள்.

வெடி ஏற்பாடு யார் என்று விசாரித்தேன். சுந்தரம் மாமா! ரிட்டயர் ஆகிவிட்டார், இப்போது டாக்டர் மேல் உயிர். மூன்று முறை போன் போட்டுக் கெஞ்சினேன்.

"என்ன தாயி இப்படிப் பேசுத? எம்புட்டுப் பெரிய டாக்டரு... சும்மா அனுப்புனா ஊரு என்னையத்தான் காறித் துப்பும். மரியாதைக்குத்தான தாயி."

மரியாதை! டாக்டருடைய பேஷண்ட் ஒருத்தியாவது அந்தத் தெருவில் நிற்க முடியுமா என்று யோசிக்காத மரியாதை.

எனக்குக் கத்தத்தான் வந்தது. மாரி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா, நான் மாரி பேசுதேன். நான் வரணும். வெடிச்சா என்னால வர முடியாது."

 "பாக்கேன் தாயி" என்று மாமா போனை வைத்துவிட்டார்.

இந்த ஊரில் "பாக்கேன்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊர்வலத்துக்குப் போகிறவர்கள் யாராவது மாமா கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

மணி மூன்றரை. மாரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கிளம்புகிறோம்.

கொஞ்சம் மெதுவாப் போங்க, டாக்டரம்மா...