கெழவிக்கு வந்த போனு

இத்த எழுத வேணாம்னுதான் இருந்தேன். எழுத்துன்னாலே எனக்கு பத்தாங்கிளாஸ் பரிட்ச ஞாபகம் வருது, அன்னிக்கி பேப்பர் திருத்துன மனுசனும் பாவம். ஆனா டீக்கடயில எங்க அக்கா கதய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றானுங்க. ஒருத்தன் ஆடு பறந்துச்சின்றான். கூட நின்னு பாத்தவன் நானே சொல்லிடறேன்.

எல்லாம் அந்த பட்டன் போன்லதான் ஆரம்பிச்சிது. அக்காவோட பழசு, ஓரம் ஒடஞ்சி, ரப்பர் பேண்டு போட்டது. அது எனக்கு வரும்னு காத்துகினு கெடந்தேன். அக்கா அத பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கெழவி கழுத்துல மணியோட சேத்து கட்டிட்டா. கெழவின்னா ஆளு இல்ல, எங்க மந்தையில முன்னாடி போற பொட்ட ஆடு.

"கூடப்பொறந்தவனுக்கு போன் இல்ல, ஆட்டுக்கு போனா?"ன்னேன்.

"அது கூப்ட்டா வரும். நீ வருவியா?"ன்னா.

போனு அடிச்சா தானா எடுத்துக்கற மாதிரி வெச்சிருப்பா. ஆடு பாகூர் ஏரிக்குள்ள எவ்ளோ தூரம் போனாலும், கரமேல குந்திகினு போன் போட்டு "ட்ர்ர்ர்... பா பா பா"ன்னுவா. ஸ்பீக்கர்ல அவ கொரல கேட்டு கெழவி திரும்பும். செம்மறி எப்பவும் முன்னாடி போறத பாத்துதான் போவும், அதனால கெழவி திரும்புனா மொத்தமும் திரும்பும். நானா இருந்தா பெரிய கொம்பு வெச்ச கெடாவுக்கு கட்டியிருப்பேன். "கெடா பொட்ட வாசன அடிச்சா வழிய மறந்துடும்டா, உன்ன மாதிரி. தண்ணி எங்க, பள்ளம் எங்கன்னு கெழவிக்குத்தான் தெரியும்"ன்னா. மழ வருமான்னு போன்லயும் பாப்பா, ஆடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு நிக்குதான்னும் பாப்பா. ரெண்டும் வேற வேற சொன்னா ஆடு சொல்றதத்தான் கேப்பா. அறுப்பு மிஷின் ஓட்டுறவங்க வாட்சப் குரூப்புல அவ ஒருத்திதான் பொம்பள. இந்த வயல அறுத்தாச்சின்னு சேதி வந்தா போதும், வயக்காரர்கிட்ட பேசி ராத்திரிக்கு மந்தய அங்கயே அடைச்சிடுவா. ஆட்டுக்கு தீனி, வயலுக்கு எரு.

மொதல்ல ஒரு கூத்து நடந்துச்சி. ரீசார்ஜ் பண்ண சொல்லி கம்பெனிக்காரங்க போன் போட்டுட்டாங்க. கெழவி நடு ரோட்ல நின்னு முழுசா கேக்குது. மொத்த மந்தயும் நின்னு கேக்குது. பின்னாடி பஸ்சு ஆரன் அடிச்சிகினே கீது. அன்னிக்கே அக்கா தன் நம்பர தவிர வேற எதயும் எடுக்காத மாதிரி மாத்திட்டா.

பள்ளிக்கொடத்துல வாத்தியாரு என்ன பாத்து "ஆடு மேய்க்கத்தான் நீ லாயக்கு"ன்னாரு. நேரா அக்காகிட்ட வந்து வேல கேட்டேன். "அதுக்கு அறிவு வேணும், போடா"ன்னுட்டா.

அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்கல. ஏரிக்கு போற வழியில பிளாட்டு போட்டு கல்லு நட்டுட்டாங்க. "இனிமே எங்க மேய்ப்ப? பொட்டப்புள்ள ஆட்டு பின்னாடி சுத்துறத பாத்து ஊரே சிரிக்குது"ன்னு தெனம் புலம்புவாரு. அக்கா, "சிரிக்கட்டும்பா. பல்லு அவங்களுது"ம்பா.

அவ ஆட்டுக்கு பூச்சி மருந்து வாங்க வில்லியனூர் போயிருந்த நேரம் பாத்து, அப்பா யாவாரிய கூட்டினு வந்துட்டாரு. மினி லாரிய ஓட்டினு வந்தது யாருன்னா, என் கூட்டாளி! எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. அவன் என் மூஞ்சியே பாக்கல. யாவாரி வெவரமானவன். மொதல்ல கெழவிய தூக்கி ஏத்துனான், மத்ததெல்லாம் தானா ஏறிச்சி. தாயி செத்துப்போயி அக்கா பாட்டில்ல பால் குடுத்து வளத்த குட்டிங்களும் ஏறிச்சி. நான் அம்மா போன எடுத்துகினு மாட்டுக்கொட்டா பின்னாடி ஓடுனேன்.

"எல்லாத்தயும் ஏத்திட்டாங்கக்கா."

அவ அழல. "கெழவி கழுத்துல போன் கீதா?"

"கீது."

"போன வெய்யி."

லாரி உறுமுது. உள்ள போன் அடிச்சிது. அப்பறம் அக்கா கொரலு, தகரமெல்லாம் அதிர்ற மாதிரி: "பா பா பா!" கெழவி திரும்பி பின்கதவ ஒரு முட்டு முட்டிச்சி. கதவு படார்னு தொறந்துகிச்சி. கெழவி குதிச்சிது. அப்பறம் இன்னா, மூட்ட கிழிஞ்சி நெல்லு கொட்ற மாதிரி மந்த கொட்டுச்சி. யாவாரி ரெண்டு கையயும் விரிச்சி நின்னான். அவன் கால் சந்துலயே ஒரு குட்டி பூந்து போச்சி. "ஆட்டுக்கெல்லாம் போன் வாங்கி குடுத்தா நான் எப்டிப்பா யாவாரம் பண்றது?"ன்னு அப்பாகிட்ட கத்துறான். நான் தரையில உருண்டு சிரிச்சேன். அப்பா என் முதுவுல ஒண்ணு வெச்சாரு. அப்பவும் சிரிச்சேன்.

அக்கா வந்தா. வண்டிக்கு ஸ்டாண்டு கூட போடல, அப்டியே சாச்சிட்டு அப்பா எதிர்ல நின்னா.

"விக்கணுமா, வித்துக்க. ஆனா நீயே கூப்ட்டு ஏத்து, பாக்கலாம்."

அப்பா கூப்ட்டாரு. மொதல்ல அதட்டி, அப்பறம் கொஞ்சி. ஒரு ஆடு கூட தலய தூக்கல. துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு வூட்டுக்குள்ள போயிட்டாரு. விக்கற பேச்சு அதோட சரி.

பிளாட்டு இன்னும் வந்துகினுதான் கீது. அக்காவும் வந்துகினுதான் இருக்கா. வேலி போட எவன் வந்தாலும் போன்ல சர்வே மேப்ப தொறந்து, "இது சர்க்காரு வழி. நம்பலன்னா ஆட்ட கேளு"ம்பா. அவங்க நட்ட கல்லுல எங்க ஆடுங்க நல்லா முதுவு சொறிஞ்சிக்குது. சிரிச்ச பசங்களே இப்ப வந்து, எந்த ஆட்டுக்கு போன் கட்டணும்னு கேக்குறானுங்க. "மொதல்ல போயி ஒரு வருசம் ஆட்ட பாரு"ன்னு தொரத்துறா.

கூட்டாளிகிட்ட அன்னிலேந்து நான் சரியா பேசல. ஆனா இத்த எழுதி முடிச்சி அவனுக்குத்தான் மொதல்ல அனுப்புனேன், "எங்க கெழவி ஒரே முட்டுல உன் லாரி கதவ ஒடச்ச கதடா, படிச்சிட்டு மூஞ்ச எங்க வெச்சிக்கற பாக்குறேன்"னு.

பதில் வந்துச்சி: "கதவு ஒடயலடா லூசு, கொக்கிய நான்தான் மாட்டல."