முக்கொம்புப் படகில் பிடித்த கை

ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாருங்கோ" என்று எழுந்து போகிறவள் நான். ஸ்ரீரங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர், பெருமாளைத் தவிரக் கண்ணால் காணாத எதையும் நம்பினதில்லை. சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் ஆத்துக்காரருக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி லால்குடி போவதற்குள் வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்டவரை அந்தமானுக்குக் கப்பலில்தான் போகணும் என்று அடம்பிடித்து இழுத்துப் போனேன். இரண்டாம் நாள் ஏகாதசி. வெறும் வயிறு கடலுக்கு ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது சாப்பிடுங்கள் என்று கப்பலில் படித்துப் படித்துச் சொன்னார்கள். கேட்டேனா? கப்பலானாலும் ஏகாதசி ஏகாதசிதான் என்று அவரையும் பட்டினி போட்டேன்.

மத்தியானம் அவர் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெறும் பித்தநீராக வந்தது. மணிக்கட்டுக்குக் கீழே மூன்று விரல் வைத்து அழுத்தினால் குமட்டல் அடங்கும் என்று பக்கத்து அறைக்காரர் சொல்லியிருந்தார். இவருக்குத் தானே அழுத்திக்கொள்ளத் தெம்பில்லை.

"பத்மா, சித்த மேல வாயேன். தூரத்துல கடல் முடியற எடத்தையே பாத்துண்டிருந்தா சரியாப் போயிடுமாம். கையை மட்டும் பிடிச்சுக்கோ."

"ஐயய்யே, கையெல்லாம் வாந்தி நாத்தம்! தொட்டா நான் ஸ்நானம் பண்ணணும், இங்க தண்ணிக்கு எங்க போறது?"

படுபாவி, அப்படித்தான் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியேறிப் போனார். அதற்கப்புறம் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை, குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானே மொண்டுகொள்வார். இரண்டு வருஷம் அப்படியே இருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

கே.கே. நகரில் இருக்கிற என் மகள் போன வருஷம் என்னை முக்கொம்புக்கு அழைத்துப்போய்ப் படகில் ஏற்றினாள். அன்றைக்கும் ஏகாதசி, பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பட்டப்பகல், மண்டையைப் பிளக்கிற வெயில். கடலிலேயே அசராதவளுக்கு நடு ஆற்றில் தலை சுற்றி, வயிறு புரட்டி, உயிரே போகிறாற்போல் ஆகிவிட்டது. நம்பினால் நம்புங்கள், அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மூன்று விரல், சில்லென்று ஈரமாக. மகள் எதிரே உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள், படகுக்காரர் பின்னால் இருந்தார். என் பக்கத்தில் தண்ணீர்தான்.

"தூரத்துல பாரு" என்று கேட்டாற்போல் இருந்தது, அது பிரமையாகவே இருக்கட்டும். பார்த்தேன். குமட்டல் நின்றது.

கரையில் இறங்கினதும் மகள் போனைக் காட்டினாள். "என்னம்மா இது, யாருக்கோ குடுக்கற மாதிரி கையை நீட்டிண்டு உக்காந்திருக்கே?" படத்தில் என் கை தண்ணீர்ப் பக்கம் நீண்டிருந்தது.

மணிக்கட்டில் பதிந்திருந்த மூன்று விரல் தடம் சாயங்காலத்துக்குள் மறைந்துவிட்டது. பட்டினி மயக்கம் என்றார் டாக்டர். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் ஏகாதசிக்கு ஏகாதசி அந்த மணிக்கட்டில் வாந்தி நாற்றம் வருகிறதே, அதற்கு என்ன சொல்வார்? மகளுக்கு வருவதில்லை, எனக்கு மட்டும்தான். முதலில் சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தேன். இப்போது கழுவுவதை விட்டுவிட்டேன். அவர் மறுபடி கையைப் பிடிக்க வந்து, நான் கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டால்?