கக்கத்தில் நீல ஃபைல்

பாருல் மாசிக்கு (வங்காளத்தில் மாசி என்றால் சித்தி) வாய் நீளம், பொறுமை குட்டை. கொல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனையில் விடியும் முன்பே வந்து, செருப்பை வரிசையில் போட்டு இடம் பிடித்துவிட்டு, டீக்கடையில் ஊர்வம்பு பேசுவாள். முட்டிவலிக்கு இது நாலாவது நடை. முந்தைய மூன்று முறையும் டாக்டர் லாஹிரி அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாத்திரை எழுதித் தள்ளிவிட்டார்.

இந்தத் தடவை அவள் கக்கத்தில் தனியார் மருத்துவமனையின் பளபளக்கும் நீல ஃபைல் இருந்தது. லாஹிரி நிமிர்ந்தார். நாற்காலி காட்டினார். முட்டியை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார். பிறகுதான் ஃபைலைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு துண்டுச்சீட்டு: கடுகு, பச்சைமிளகாய், அரைக்கிலோ ரோகு மீன்.

"என்ன மாசி இது?"

"அப்படியே சந்தைக்கும் போகணும், டாக்டர்பாபு."

"ஃபைல் ஏது உங்களுக்கு?"

"சாயங்காலம் நீங்க உக்கார்ற ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறது நான்தானே! அங்கயும் நீங்க என்னைப் பாத்ததில்ல. ஆனா இதை வச்சிருக்கவங்களைக் கால்மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க. வைத்தியமே ஃபைலுக்குத்தான் போலன்னு, குப்பையில கெடந்ததைத் தொடைச்சு எடுத்துட்டு வந்தேன்."

லாஹிரி எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்து, கதவுவரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவர் வெளியே எட்டிப் பார்த்தார். வரிசையில் பாதிப்பேர் கக்கத்தில் நீல ஃபைல்.