போலே தஹான் என்றான், நன்று என்று எழுதினேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் கதவோரம் நின்றபடி கைப்பேசியில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை மாலை. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஆடும் கோடைக்கால லீக். பெரிய அரங்கமெல்லாம் இல்லை. ஓர் ஊர்த் திடல், மடக்கு நாற்காலிகளில் ஊர்க்காரர்கள், வலைக்குப் பின்னால் நோட்டுப்புத்தகத்தோடு நாலைந்து பேர். எனக்கு அந்த நாலைந்து பேர்தான் முக்கியம். திறமை தேடி வரும் ஸ்கௌட்டுகள் அவர்கள்.

அன்று பந்து வீசியவன் பெயரே கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரியில் படிப்பவன். யாரோ ஒருவர் அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினாராம், அதனால்தான் இங்கே நிற்கிறான் என்றார் வர்ணனையாளர். அடுத்த மாதம் டிராஃப்ட். தொழில்முறை அணிகள் முறைவைத்து இளைஞர்களை எடுத்துக்கொள்ளும் நாள். அதில் இவன் பெயரும் வரலாம்.

ரயில் ஷா ஆலமைத் தாண்டும்போது எனக்குத் தோன்றியது. எங்கள் ஆளைப் பற்றி அந்த ஒரு பக்கத்தை யார் எழுதப்போகிறார்கள்? நான்தான் எழுத வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் புள்ளியியல் படித்தவள். இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடினேன், சுமாராக. ஆடுவதைவிட ஆடுகிறவர்களை எடைபோடுவதில்தான் எனக்கு வெறி. அமெரிக்காவின் இளம் வீரர்களைப் பற்றி இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். இவனுக்குத் தோள் வலு, இவனுக்கு உயரம் போதாது, இவன் கை மூன்று வருடம்கூடத் தாங்காது என்றெல்லாம். நேரில் பார்த்தே இராத பத்தொன்பது வயதுக்காரர்களின் கைகளைப் பாசாரில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல அழுத்திப் பார்த்து ஒதுக்கியிருக்கிறேன். நூறு பேர் படிப்பார்கள், பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அது போதும்.

எங்கள் ஆள் என்று நான் சொல்வது கிள்ளானில் ஞாயிறுதோறும் நாங்கள் கூடும் சின்னப் பேஸ்பால் குழுவில் பந்து வீசும் பிட்சரை. அவனுக்கு வயது இருபது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். லோரியில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குவது வேலை. ஞாயிறு காலையில் ஷிப்ட் முடித்து, அதே பூட்ஸோடு திடலுக்கு வருவான். அவன் வீசும் பந்து கையுறையில் விழும் சத்தம் கேட்டு, பக்கத்தில் ஃபுட்சால் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவன் என்பதால் அக்கா என்பான். நான் எதையாவது நீளமாக விளக்க ஆரம்பித்தால் "அக்கா யூனிவர்சிட்டி தொறந்துட்டாங்க, எல்லாரும் ஒக்காருங்க லா" என்று மற்றவர்களிடம் சொல்வான்.

அன்று திடலில் அவனிடம் சொன்னேன். நேராக டிராஃப்ட்டில் நம்மவர்கள் போக முடியாது, ஆனால் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் சேர்ந்துவிட்டால் முடியும். முதலில் இரண்டு வருடச் சின்னக் கல்லூரி, பிறகு கோடை லீக், பிறகு அந்த நாலைந்து நோட்டுப்புத்தகங்கள். அவன் பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், அங்கே போனால் பெட்டி தூக்க வேண்டாம்தானே என்று.

அவன் வீசும் ஒரு சின்ன வீடியோவையும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு எழுதினேன். ஒரே ஒரு பயிற்சியாளர் பதில் போட்டார். வீடியோ பிடித்திருக்கிறது, உதவித்தொகையோடு ஓர் இடம் இருக்கிறது, ஆனால் இன்னும் சில விவரம் வேண்டும் என்று ஒரு படிவம் அனுப்பியிருந்தார். மூன்று வெவ்வேறு நாள்களில் வேகம் அளக்க வேண்டும். நான்காவது நாளில் முழு வீச்சு வீடியோ. ஆனால் படிவத்தின் முதல் கேள்வி இது: கடந்த ஆறு மாதங்களில் முழங்கையிலோ தோளிலோ வலி இருந்ததா? வீரரிடமே கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதவும்.

முதல் கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளினேன். எனக்கு வேகம்தான் அவசரம்.

பழைய ஸ்பீட் கன் ஒன்று என்னிடம் இருந்தது. முதல் நாள் மணிக்கு எண்பத்தாறு மைல் காட்டியது. இரண்டாம் நாள் எண்பத்தேழு. மூன்றாம் நாள் எண்பத்து மூன்றுக்கு இறங்கிவிட்டது. ஷிப்ட் முடிந்த களைப்பு என்று நினைத்தேன். ஏறும் வரை வீசச் சொன்னேன். வீசினான். அன்று எத்தனை பந்து வீசினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேகத்தை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தவள் எண்ணிக்கையைக் குறிக்கவில்லை.

அதன்பிறகு சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். அவன் ரொட்டி சானாய் சொல்லிவிட்டு ஸ்பூன் கேட்டான். ரொட்டியை ஸ்பூனால், அதுவும் இடது கையில் பிடித்து, பிய்க்கத் தெரியாமல் குத்திக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அமெரிக்கா போறதுக்கு முன்னாலேயே தொரை ஆயிட்டியா என்றேன். அவனும் சிரித்தான். படிவத்தை எடுத்துவைத்து அந்த முதல் கேள்வியைக் கேட்டேன்.

"கை எப்படிடா இருக்கு?"

"போலே தஹான் லா, அக்கா."

இந்த இரண்டு மலாய்ச் சொற்களுக்கு நேர்ப்பொருள் 'தாங்க முடியும்'. ஆனால் இங்கே யார் அதை அப்படிச் சொல்கிறோம்? சாப்பிட்ட மீ கோரெங் எப்படி என்று கேட்டால் போலே தஹான். படம் எப்படி, புது மேனேஜர் எப்படி, எல்லாமே போலே தஹான். மோசமில்லை, நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். நான் ஆங்கிலத்தில் 'நன்று, வலி இல்லை' என்று நிரப்பி, அங்கேயே அனுப்பிவிட்டேன். அவன் சொற்களிலேயே எழுதச் சொல்லியிருந்தார்கள். ஓர் அமெரிக்கருக்குப் போலே தஹான் என்ன புரியும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவன் எதிரே இடது கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை முழு வீச்சு வீடியோ. பந்து பிடிக்க ஆள் வரவில்லை, வலையை நிறுத்திவைத்தோம். கைப்பேசியைக் கம்பத்தில் கட்டிவிட்டு நான் வலைக்குப் பின்னால் ஸ்பீட் கன்னோடு நின்றேன். தொண்ணூறு மைல் வந்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது என்று காலையிலிருந்து அவன் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். இருபது பந்துக்கு மேல் போயிருக்கும். ஒரு பந்து வலைக்கு மேலே பறந்து பின்னால் இருந்த வேலியில் போய் மோதியது.

நான் முதலில் பார்த்தது எண்ணைத்தான். எண்பத்தொன்பது. அதுவரை அவன் தொடாத வேகம். தலையை நிமிர்த்தாமலே கத்தினேன்.

"இன்னும் ஒண்ணுதான்!"

நிமிர்ந்தேன். பார்த்தால் அவன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். வலது கையைத் தொடைமேல் வைத்து, அது வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அலறவில்லை. முகம் மட்டும் வெளிறி, மேலுதட்டில் பொட்டுப்பொட்டாக வியர்வை. அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அவன் உட்காருவதும் என் குரல் வருவதும் ஒரே நொடியில் பதிவாகியிருக்கிறது. ஒருமுறைதான் பார்த்தேன்.

அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பள்ளிக் கேண்டீனில் சமையல் வேலை செய்யும் அவன் அம்மா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்து சேர்ந்தார். டாக்டர் முழங்கையை லேசாகத் திருகியதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே தசைநார் அறுந்திருக்கும், ஸ்கேனில் உறுதியாகும் என்றார் டாக்டர். எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். இரண்டு மாதம் என்றான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார். அவன் என் பக்கம் திரும்பினான். குற்றம் சாட்டுகிற பார்வைகூட இல்லை, உண்மையாகவே குழம்பிப்போன பார்வை.

"சொன்னேனே. அக்காகிட்ட போலே தஹான்னு சொன்னேன்."

அம்மா என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். நான் எழுதி அனுப்பியதை வாசித்துக் காட்டச் சொன்னார். கைப்பேசியில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். நன்று, வலி இல்லை என்ற இடத்தையும் சொன்னேன்.

"நாங்க எஸ்டேட்டுல இருந்து வந்தவங்கம்மா," என்றார். "வலிக்குதுன்னு சொன்னா நாளைக்கு வேலைக்கு வேணாம்னுடுவாங்க. அதனால தாங்கும்னுதான் சொல்லுவோம். அவனும் அதத்தான் கத்துக்கிட்டான். நீ இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்."

உள்ளே போய் மகனின் பூட்ஸைக் கழற்றிவிட்டார்.

பயிற்சியாளருக்கு நடந்ததை எழுதினேன். அன்றே பதில் வந்தது. வருந்துகிறேன் என்று ஆரம்பித்து, வலி இருக்கிறது என்று ஒரு சொல் தெரிந்திருந்தால் அன்றே பந்தைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பேன், அவனுக்கான இடத்தை அடுத்த வருடத்துக்கு வைத்திருப்பேன், முதல் கேள்வி அதற்காகத்தான் என்று முடித்திருந்தார். இந்த வருட வீரர்கள் பட்டியல் முடிவாகிவிட்டது. இரண்டு வருடம் வீசவே முடியாத ஒருவனுக்கு இனி இடம் தர அவருக்கும் வழியில்லை.

இந்தக் கடிதத்தை நான் இரண்டு மாதம் மறைத்தேன். இந்த அனுபவத்தில் என்னை அதிகம் வெட்கப்படவைப்பது இதுதான். அதற்குள் அவன் கிடங்கு வேலையும் போயிருந்தது. பெட்டி தூக்க முடியாதவனை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள்? ஒரு கார் பார்க் நுழைவாயிலில் உட்கார்ந்திருந்தான். அங்கே போய்த்தான் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, வந்த காருக்குத் தடுப்பைத் தூக்கிவிட்டு, இறக்கிவிட்டு, பிறகு பேசினான்.

"அப்ப வலிக்குதுன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேனா?"

ஆமாம் என்றேன்.

"இத எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் லா, அக்கா."

சொன்னது சரியா, தவறா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. மறைத்ததும் எனக்காகத்தான், சொன்னதும் என் பாரத்தை இறக்கத்தானோ என்னவோ.

இப்போது அவனுக்கு அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்திருக்கிறது, இவ்வளவு காத்திருந்த பிறகு. கை முழுதாக நீளும் என்கிறார்கள். பந்து வீசுவது பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை. இளம் வீரர்களைப் பற்றி எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். டிராஃப்ட் நாளில் மட்டும் பெயர்களைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் யாரோ என்னைப்போல 'ஆரோக்கியம்: நன்று' என்று எழுதியிருப்பார்கள் என்று தோன்றும், பக்கத்தை மூடிவிடுவேன்.

போன வாரம் ஜெஞ்சாரோமிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். பள்ளி சாஃப்ட்பால் அணியில் பதினைந்து வயதுப் பிட்சர் ஒருத்தி இருக்கிறாளாம், மாநிலத்திலேயே அவள் வேகத்துக்கு ஆள் இல்லையாம், வந்து பார்த்து எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறாள் என்று திருப்பிக் கேட்டேன். அதை யாரும் எண்ணுவதில்லை என்று பதில் வந்தது. எழுத மாட்டேன், ஆனால் எண்ணுவதற்கு வருகிறேன் என்றேன். போதும் என்று நான் சொன்னால் நிறுத்த வேண்டும், அது இறுதியாட்டமாக இருந்தாலும் சரி என்று ஒரு நிபந்தனையும் வைத்தேன். ஆசிரியை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும் வரும் சனிக்கிழமை போகிறேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பெண் சொல்லப்போகும் பதில் எனக்குப் பிடிக்காததாக இருக்கலாம், என் அவசரத்தைக் கெடுக்கலாம். அப்போதும் அது என் காதில் விழ வேண்டும் என்பதைத் தவிர இந்த விளையாட்டிடம் எனக்கு இப்போது வேறு எதுவும் தேவையில்லை.